நோட்டீஸ் அனுப்புனவங்களே தீர்ப்பும் எழுதலாமா? அமெரிக்க மாநிலங்கள்ல நிர்வாக விசாரணை எப்படி மாறிட்டு வருது

2024 ஜூன் 28-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் லோப்பர் பிரைட் வழக்குல தீர்ப்பு சொன்னதுல இருந்து, "இனிமே அரசுத் துறை சொல்றதை கோர்ட் அப்படியே ஏத்துக்காது"னு ஒரு பேச்சு பரவிடுச்சு. அதை நம்பி, மாநில நர்சிங் வாரியத்துல லைசென்ஸ் பிரச்சனை இருக்கறவங்க, மெடிக்கெய்ட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு மருத்துவ உதவி) நிறுத்தப்பட்டவங்க, வேலையில்லா உதவித்தொகை மறுக்கப்பட்டவங்க எல்லாரும் தங்களுக்கும் இது உதவும்னு நினைச்சுக்கறாங்க. அந்த தீர்ப்பு நேரடியா இவங்களுக்கு பொருந்தாது. இவங்க வழக்கு மாநில சட்டத்துல ஓடுது, அங்க வேற ஒரு மாற்றம் பல வருஷமா மெதுவா நடந்துட்டு இருக்கு, தலைப்புச் செய்தியா வராததால அது பலருக்கு தெரியறதே இல்ல.

முதல்ல ஃபெடரல் எது, மாநிலம் எதுன்னு பிரிச்சுக்கலாம்

ஃபெடரல் துறைகளுக்கு, அதாவது மத்திய அரசுத் துறைகளுக்கு, 1946-ல வந்த நிர்வாக நடைமுறைச் சட்டம் இருக்கு. மாநிலங்கள் ஒவ்வொண்ணுக்கும் அதே மாதிரி தனித்தனி சட்டம். மாநிலங்கள் பாத்து எழுதிக்கறதுக்குன்னு ஒரு மாதிரி சட்டமும் உண்டு, அது 1946, 1961, 1981, 2010-னு நாலு தடவை வந்திருக்கு, அதுல 1961 வடிவத்தைத்தான் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில எடுத்துக்கிச்சு. ஆனா எடுத்துக்கிட்டப்பறம் ஆளாளுக்கு மாத்திட்டதால, ஃப்ளோரிடாவுல சரியா இருக்கற விஷயம் ஒஹாயோவுல தப்பா இருக்கலாம்.

1. லோப்பர் பிரைட் தீர்ப்பு அந்த 1946 ஃபெடரல் சட்டத்தோட வாசகத்துக்கு கொடுத்த விளக்கம். மாநில கோர்ட் மாநில சட்டத்தை எப்படி படிக்கணும்னு அது சொல்லல.
2. அதுக்கு முந்தின நாள், ஜூன் 27, ஜார்க்கசி வழக்குல, பங்குச்சந்தை மோசடிக்கு ஃபெடரல் ஆணையம் தன் சொந்த நீதிபதி முன்னாடி வச்சு அபராதம் போட முடியாது, ஜூரி வேணும்னு தீர்ப்பு வந்துச்சு. அது அரசியலமைப்போட ஏழாவது திருத்தத்தை வச்சு சொன்னது, அந்தத் திருத்தம் மாநிலங்களை கட்டுப்படுத்தாது.
3. மாநிலங்களை கட்டுப்படுத்தறது பதினாலாவது திருத்தம். ஒருத்தரோட உரிமையை பறிக்கறதுக்கு முன்னாடி முறையான நடைமுறை வேணும்னு அது சொல்லுது. 1970-ல கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்குல, நலத்திட்ட உதவியை நிறுத்தறதுக்கு முன்னாடியே விசாரணை நடத்தணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 1976-ல மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்குல அதை கொஞ்சம் சுருக்கி, போகப்போற உரிமை எவ்வளவு பெருசு, தப்பு நடக்க எவ்வளவு வாய்ப்பு, அரசுக்கு எவ்வளவு சுமை, இந்த மூணையும் எடை போட்டு எந்த அளவு விசாரணைனு முடிவு பண்ணலாம்னு ஆக்கிட்டாங்க.

ஒரு நர்ஸை வச்சு புரிஞ்சுக்கலாம்

ஒரு கற்பனை கேஸ். ஒரு நர்ஸ், மருந்து கொடுத்ததை பதிவேட்டுல நாலு மணி நேரம் கழிச்சு எழுதினாங்கன்னு புகார். வாரியம் அதை "தொழில்முறைக்கு மாறான நடத்தை"ங்கற பிரிவுல கொண்டு வந்து லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணப் பாக்குது. பொதுவா இது இப்படித்தான் போகும்:

1. புகார் வரும், வாரியத்தோட புலனாய்வு ஆட்கள் விசாரிப்பாங்க.
2. குற்றச்சாட்டு நோட்டீஸ் வரும். பதில் கொடுக்க கெடு இருக்கும்.
3. உண்மைகளை மறுத்தா விசாரணை. சாட்சிகளை விசாரிக்கலாம், குறுக்கு விசாரணை பண்ணலாம், ஆனா கோர்ட் அளவுக்கு சாட்சிய விதிகள் கறாரா இருக்காது, இன்னொருத்தர் சொன்னதா சொல்ற சாட்சியம் கூட உள்ள வரும்.
4. நிர்வாகச் சட்ட நீதிபதியோ (கோர்ட் ஜட்ஜ் இல்ல, இந்த மாதிரி துறை விசாரணைகளை நடத்தறவரு) விசாரணை அதிகாரியோ தன் முடிவை எழுதுவாரு.
5. பல மாநிலங்கள்ல அது வெறும் பரிந்துரை. வாரியம் அதைப் படிச்சுட்டு ஃபைனல் ஆர்டர் போடும்.
6. அதுக்கு மேல கோர்ட்.

இதுல அஞ்சாவது படி பலருக்கு தெரியறதே இல்ல. விசாரணையில ஜெயிச்சாச்சுன்னு நிம்மதியா இருப்பாங்க, ரெண்டு மாசம் கழிச்சு வாரியம் வேற மாதிரி ஆர்டர் போட்டு அனுப்பும், அப்பதான் அந்த நீதிபதி எழுதினது கடைசி வார்த்தை இல்லன்னு தெரிய வரும்.

ஒரே அமைப்புக்கு மூணு வேலை

விசாரிக்கறதும் குற்றம் சாட்டறதும் தீர்ப்பு சொல்றதும் ஒரே வாரியம்னா அது நியாயமானு கேள்வி ரொம்ப பழசு. 1975-ல வித்ரோ எதிர் லார்கின் வழக்குல உச்ச நீதிமன்றம் இதை நேருக்கு நேர் எடுத்துச்சு. விஸ்கான்சின் மருத்துவ வாரியம் ஒரு டாக்டரை விசாரிச்சு, அதே வாரியமே அவரோட லைசென்ஸ் மேல முடிவெடுக்கப் போச்சு. இப்படி வேலைகள் ஒரே இடத்துல சேர்ந்திருக்குங்கறதுக்காக மட்டும் அது அரசியலமைப்புக்கு விரோதம் ஆகாது, பாரபட்சம் இருந்துச்சுன்னு தனியா காட்டணும்னு தீர்ப்பு.

அந்த தீர்ப்போட விளைவு இன்னிக்கு வரைக்கும் நிக்குது. அரசியலமைப்பு கதவு பெரும்பாலும் மூடிட்டதால, இந்த அமைப்பை பிரிக்கணும்னா மாநில சட்டமன்றம்தான் பண்ணணும். அதனாலதான் இது மாநில சீர்திருத்தமா இருக்கு.

சீர்திருத்தம் 1: நீதிபதியை துறைக்கு வெளிய கொண்டு போறது

முதல் வழி, விசாரணை நடத்தற நீதிபதிகளை துறையோட சம்பளப் பட்டியல்ல இருந்து எடுத்து, தனி அலுவலகத்துல வைக்கறது. கலிஃபோர்னியா 1945-லயே இதை ஆரம்பிச்சுச்சு, நாட்டுலயே முதல்ல. ஃப்ளோரிடா 1974, நார்த் கரோலினா 1985, லூசியானா 1996. இன்னிக்கு பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல இப்படி ஒரு மைய விசாரணை அலுவலகம் இருக்கு. சவுத் கரோலினா இன்னும் ஒரு படி மேல போய் அதை நிர்வாகச் சட்ட கோர்ட்டுனே பேர் வச்சு, நீதிபதிகளை சட்டமன்றமே தேர்ந்தெடுக்குது. நார்த் கரோலினாவுல தலைமை நிர்வாகச் சட்ட நீதிபதியை நியமிக்கறது மாநில உச்ச நீதிமன்ற தலைமை நீதிபதி.

நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்ல. தனக்கு பதவி உயர்வு குடுக்கற டைரக்டருக்கு எதிரா தீர்ப்பு எழுதற சங்கடம் அந்த நீதிபதிக்கு இல்லாம போகுது. ஆனா நீதிபதி எந்த கட்டடத்துல உக்காந்திருக்காருங்கறதை விட, அவர் எழுதினதை யார் மாத்த முடியும்ங்கறதுதான் பெரிய கேள்வி. கலிஃபோர்னியாவையே பாருங்க, எல்லாத்துக்கும் மூத்த அலுவலகம் அங்கதான், ஆனா லைசென்ஸ் கேஸ்கள்ல நீதிபதி எழுதறது முன்மொழிவு மட்டும்தான், வாரியம் அதை ஏத்துக்காம விசாரணை பதிவை படிச்சு தானே முடிவெடுக்கலாம்.

சீர்திருத்தம் 2: கடைசி பேனா யார் கையில

என் பார்வையில எல்லா சீர்திருத்தத்துலயும் அதிகமா வித்தியாசம் பண்றது இதுதான், ஆனா செய்தியில ரொம்ப குறைவா வர்றதும் இதுதான். மூணு மாநிலம் மூணு விதமா பண்ணியிருக்கு.

*ஃப்ளோரிடா: மாத்தலாம், ஆனா கையை கட்டி.* நீதிபதி ரெக்கமெண்டட் ஆர்டர் எழுதுவாரு. ரெண்டு தரப்பும் 15 நாளுக்குள்ள ஆட்சேபம் எழுதலாம். துறை 90 நாளுக்குள்ள ஃபைனல் ஆர்டர் போடணும். அப்படி போடும்போது உண்மைகள் பத்தி நீதிபதி கண்டதை துறை மாத்தணும்னா, முழு பதிவையும் படிச்சு, அதுக்கு தகுந்த சாட்சியமே இல்லன்னு குறிப்பா எழுதிக் காட்டணும். "நாங்க அந்த சாட்சியை நம்பல"னு சொல்ல முடியாது, ஏன்னா சாட்சியை நேர்ல பாத்தது நீதிபதி. சட்ட விளக்கத்தையும் தன் அதிகார எல்லைக்குள்ள வர்றதை மட்டும்தான் மாத்தலாம், அதுக்கும் காரணம் சொல்லணும்.

*நார்த் கரோலினா: பேனாவை பிடுங்கினது.* 2011-ல வந்த சட்டம், 2012 ஜனவரி 1-ல இருந்து, நிர்வாகச் சட்ட நீதிபதி எழுதறதே இறுதி முடிவுன்னு ஆக்கிடுச்சு. துறைக்கு பிடிக்கலன்னா துறையும் கோர்ட்டுக்குத்தான் போகணும். அதுக்கு முன்னாடி நீதிபதி எழுதினதை துறை ஓரம் தள்ளிட்டு தன் முடிவை எழுதிக்க முடிஞ்சுது. ஆனா இங்க ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கு: தொழில் லைசென்ஸ் வாரியங்களுக்கு அதே சட்டத்துல தனி அத்தியாயம், அவங்க விசாரணையை தாங்களே நடத்தி தாங்களே முடிவெடுக்கலாம். நம்ம கற்பனை நர்ஸ் நார்த் கரோலினாவுல இருந்தா, 2011 சீர்திருத்தம் அவங்களை தொடாமலே போகுது. எல்லாரும் பாராட்டற ஒரு சீர்திருத்தம், யாருக்கு தொழிலே போகப் போகுதோ அவங்களை விட்டுட்டுப் போறது எனக்கு ரொம்ப பெரிய குறையா படுது.

*லூசியானா: துறைக்கு அப்பீலே கிடையாது.* 1999 சட்டம் நீதிபதி முடிவை இறுதியாக்கினதோட, துறை அதை எதிர்த்து கோர்ட் மறுஆய்வு கேக்க முடியாதுன்னும் சொல்லிடுச்சு. மாநில இன்சூரன்ஸ் கமிஷனர் சம்பந்தப்பட்ட வழக்குல 2005-ல மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை செல்லும்னு ஏத்துக்கிச்சு. கேக்க மக்கள் பக்கம் மாதிரி தெரியும். ஆனா எதிர்ல நிக்கறது எப்பவும் ஏழை மனுஷன் இல்ல, அந்த வழக்குல எதிர்தரப்பு ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி. மக்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த ஒரு கமிஷனர் எடுத்த முடிவை, தேர்ந்தெடுக்கப்படாத ஒரு நீதிபதி தள்ளிடலாம், அதுக்கு மேல கமிஷனர் கேக்க வழி ரொம்ப குறுகலா இருக்குன்னா, அதையும் யோசிச்சுத்தான் ஆகணும்.

கோர்ட் எதை பாக்கும், எதை பாக்காது

கோர்ட்டுக்குப் போனா எல்லாத்தையும் முதல்ல இருந்து விசாரிப்பாங்கன்னு நினைக்கறதுதான் அடுத்த பெரிய தப்பு. மறுஆய்வுல கோர்ட் ரெண்டு வகை கேள்வியை பிரிச்சு வச்சுக்கும்.

1. உண்மை பத்தின கேள்வி. நர்ஸ் நாலு மணி நேரம் தாமதமா எழுதினாங்களா? இதுல கோர்ட் புதுசா சாட்சி விசாரிக்காது. நியாயமா யோசிக்கற ஒருத்தர் இந்த முடிவுக்கு வர்ற அளவுக்கு பதிவுல சாட்சியம் இருக்கான்னு மட்டும் பாக்கும். இதுக்கு பேர் கணிசமான சாட்சிய அளவுகோல். நார்த் கரோலினாவுல முழு பதிவு சோதனைனு சொல்வாங்க. கோர்ட்டுக்கே வேற மாதிரி தோணினாலும், சாட்சியம் இருந்தா முடிவு நிக்கும்.
2. சட்டம் பத்தின கேள்வி. ஒரே ஒரு தாமதப் பதிவு "தொழில்முறைக்கு மாறான நடத்தை"ங்கற வார்த்தைக்குள்ள வருமா? டெஃபரன்ஸ் சண்டை முழுக்க இங்கதான்.

டெஃபரன்ஸ்னா, சட்ட வாசகம் ரெண்டு விதமா படிக்கற மாதிரி இருந்தா, துறை சொல்ற விளக்கம் நியாயமா இருக்கற வரைக்கும் கோர்ட் தன் கருத்தை ஒதுக்கி வச்சுட்டு அதை ஏத்துக்கறது. ஃபெடரல்ல இதை நிலைநாட்டினது 1984 செவ்ரான் தீர்ப்பு, அதைத்தான் லோப்பர் பிரைட் தூக்கிப் போட்டுச்சு.

சீர்திருத்தம் 3: டெஃபரன்ஸை எடுக்கறது

ஃபெடரல் தீர்ப்புக்கு ஆறு வருஷம் முன்னாடியே மாநிலங்கள் இதை ஆரம்பிச்சாச்சு. 2018-ல மட்டும் மூணு பாதையில நடந்துச்சு.

அரிசோனாவுல சட்டமன்றம் சட்டம் போட்டுச்சு. விஸ்கான்சின்ல டெட்ரா டெக் வழக்குல மாநில உச்ச நீதிமன்றமே டெஃபரன்ஸை கைவிட்டுச்சு, அதே வருஷக் கடைசியில சட்டமன்றமும் அதை எழுத்துல போட்டுடுச்சு. ஃப்ளோரிடாவுல மக்கள் வாக்கெடுப்புல அரசியலமைப்புத் திருத்தமாவே வந்துச்சு. ஃப்ளோரிடா திருத்தத்துல கவனிக்க வேண்டியது, கோர்ட் மட்டும் இல்ல, நிர்வாக விசாரணை நடத்தற அதிகாரியும் துறையோட விளக்கத்துக்கு டெஃபரன்ஸ் குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. ஆனா வாக்குச்சீட்டுல அந்த 6-ம் எண் திருத்தம் தனியா வரல, குற்றத்துல பாதிக்கப்பட்டவங்களோட உரிமை, நீதிபதிகளோட ஓய்வு வயசை 70-ல இருந்து 75 ஆக்கறதுன்னு மத்த ரெண்டு விஷயத்தோட ஒரே கேள்வியா கட்டி வச்சிருந்தாங்க. இவ்வளவு பெரிய மாற்றத்தை தனிக் கேள்வியா மக்கள் முன்னாடி வச்சிருக்கணும்.

அதுக்கப்பறம் டென்னசி 2022-லயும், ஐடஹோ, இண்டியானா, நெப்ராஸ்கா 2024-லயும், கென்டக்கி, டெக்சாஸ் 2025-லயும் சட்டம் கொண்டு வந்துச்சு. டென்னசி சட்டம் இன்னும் ஒரு அடி தாண்டி, எல்லா வழியிலயும் படிச்சப்பறமும் சந்தேகம் மிச்சம் இருந்தா, துறையோட அதிகாரம் கூடாத மாதிரி விளக்கம் எடுக்கணும்னு சொல்லுது. "கோர்ட் தானா படிக்கட்டும்"ங்கறது ஒண்ணு, "சந்தேகம் வந்தா துறை தோக்கட்டும்"ங்கறது வேற ஒண்ணு, ரெண்டையும் ஒரே சீர்திருத்தமா பேசறது சரியில்ல.

நடைமுறையில இது எவ்வளவு மாத்துதுன்னு ரெண்டு வழக்கை பக்கத்துல பக்கத்துல வச்சா புரியும்.

*ஒஹாயோ, 2022 டிசம்பர், ட்விஸம் வழக்கு.* ஒரு சின்ன கம்பெனி இன்ஜினியரிங் சேவை குடுக்க அனுமதி கேட்டுச்சு. பொறுப்பு இன்ஜினியர் முழுநேர ஊழியரா இருக்கணும், உங்க ஆளு ஒப்பந்தக்காரர்னு வாரியம் மறுத்துடுச்சு. சட்டம் முழுநேர மேனேஜர்னுதான் கேக்குது, அவர் ஊழியரா இருக்கணும்னு எங்கயும் சொல்லலன்னு மாநில உச்ச நீதிமன்றம் தானே படிச்சு, கம்பெனி பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. இங்க டெஃபரன்ஸ் இல்லாதது முடிவையே மாத்துச்சு.

*விஸ்கான்சின் டெட்ரா டெக்.* ஃபாக்ஸ் ஆத்துல இருந்து தோண்டி எடுத்த வண்டலை மணல், தண்ணி, சகதின்னு பிரிக்கறது வரி போடக்கூடிய "பதப்படுத்தல்" வேலையாங்கறது கேள்வி. வரித்துறை ஆமான்னுச்சு. கோர்ட் டெஃபரன்ஸையே ஒழிச்சுட்டு, அந்த வார்த்தையை தானா படிச்சு, கடைசியில வரித்துறை சொன்னதே சரின்னு முடிச்சுது. டெஃபரன்ஸை ஒழிச்ச அதே தீர்ப்புல கம்பெனி தோத்துச்சு.

அப்ப யாருக்கு பலன்?

டெஃபரன்ஸ் போறது, சட்ட வார்த்தை மேல சண்டை போடற வசதி இருக்கறவங்களுக்கு அதிகமா உதவுது. கம்பெனிகள், வரி கேஸ்கள், பெரிய அனுமதி கேஸ்கள். ஒரு வார்த்தையோட அர்த்தத்துக்காக மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வக்கீல், காசு, வருஷங்கள் வேணும்.

உதவித்தொகை நின்னுபோனவங்க, வேலை போனவங்க, இவங்க வழக்குல பெரும்பாலும் வார்த்தை சண்டையே வராது. வருமானக் கணக்கு தப்பா, வேலையை விட்டது யார், கடிதம் வந்துச்சா வரலையா, எல்லாமே உண்மை பத்தின கேள்வி. கோர்ட் அதுல துறை பக்கம் சாய்ஞ்சு பாக்கற முறையை மேல சொன்ன மாநிலங்கள்ல பல அப்படியே விட்டிருக்கு. கேஸ் உண்மையில முடியற இடம் அந்த விசாரணை அறை, இப்பல்லாம் பல நேரம் வெறும் ஃபோன் கால். அங்க அரசு செலவுல வக்கீல் கிடைக்க உரிமையும் பொதுவா இல்ல.

எதிர்வாதத்துக்கும் நியாயம் இருக்கு. தண்ணியில எவ்வளவு ரசாயனம் ஆபத்துங்கறது மாதிரி விஷயத்துல துறை நிபுணருக்கு தெரியறது ஜட்ஜுக்கு தெரியாது, அதோட ஒவ்வொரு கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஜட்ஜும் ஒவ்வொரு விதமா படிச்சா ஒரே மாநிலத்துக்குள்ள சட்டம் பல விதமா ஆகிடும். முதல் கவலைக்கு ஓரளவு பதில், நிபுணர் கருத்தை கோர்ட் கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல, கட்டாயமா ஏத்துக்க வேண்டாம்னுதான். ரெண்டாவது கவலைக்கு அந்த அளவு நல்ல பதில் நான் பாக்கல.

நோட்டீஸ் கையில இருக்கறவங்க கவனிக்க வேண்டியது

1. கெடு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேலையில்லா உதவித்தொகை முடிவை எதிர்த்து அப்பீல் பண்ண டெக்சாஸ்ல 14 நாள், ஃப்ளோரிடாவுல 20 நாள். தபால்ல போட்ட தேதியில இருந்து கணக்கு, உங்க கைக்கு வந்த தேதியில இருந்து இல்ல. நார்த் கரோலினாவுல துறை முடிவுக்கு எதிரா விசாரணை கேக்க பொதுவா 60 நாள், நீதிபதி முடிவுக்கு மேல கோர்ட் போக 30 நாள்.
2. உதவி தொடரணும்னா. மெடிக்கெய்ட், உணவு உதவி ரெண்டுலயும், நிறுத்தற தேதிக்கு முன்னாடி விசாரணை கேட்டா பொதுவா முடிவு வர்ற வரைக்கும் உதவி தொடரும். தோத்தா திருப்பிக் கேப்பாங்க, அதையும் தெரிஞ்சுதான் கேக்கணும்.
3. படிவத்துல எந்த கட்டத்துல டிக் போடறீங்க. ஃப்ளோரிடாவுல பதில் குடுக்க பொதுவா 21 நாள். உண்மைகளை மறுக்கறேன்னு போட்டா வெளி நீதிபதி முன்னாடி விசாரணை. மறுக்கலன்னு போட்டா வாரியத்து முன்னாடியே சின்ன விசாரணை, சட்டக் கேள்வி, தண்டனை அளவு இதுங்க பத்தித்தான் பேச முடியும், உண்மைகளை மறுக்க முடியாது. மேல சொன்ன எல்லா பாதுகாப்பும் இந்த ஒரு டிக்குல போயிடும்.
4. எல்லாத்தையும் பதிவுல ஏத்துங்க. விசாரணையில குடுக்காத ஆவணத்தை கோர்ட் பொதுவா பாக்காது. அங்க எழுப்பாத ஆட்சேபத்தை மேல எழுப்ப விடாது. ஃப்ளோரிடாவுல இன்னொருத்தர் சொன்னதா சொல்ற சாட்சியத்தை மட்டும் வச்சு ஒரு உண்மையை நிறுவ முடியாது, ஆனா அந்த ஆட்சேபத்தையும் அங்கயே எழுப்பி வைக்கறது நல்லது.
5. ஸ்டே (இடைக்காலத் தடை) தனியா கேக்கணும். கோர்ட்ல அப்பீல் போட்டதால சஸ்பென்ஷன் தானா நிக்காது. ஸ்டே கிடைக்கலன்னா, அந்த நர்ஸ் ஒரு வருஷம் கழிச்சு கோர்ட்ல ஜெயிச்சாலும் அந்த ஒரு வருஷம் வேலை பாத்திருக்க முடியாது, இழந்த சம்பளத்தை வாரியம் திருப்பி குடுக்கறதும் பொதுவா இல்ல. டெஃபரன்ஸை ஒழிக்கறதுக்குன்னு வந்த சட்டங்கள் இந்த இடத்துல கை வைக்கல.